கரண்ட் போச்சு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தெட்டு பேர். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பள்ளிக்கூடம் படித்துவிட்டு இப்போது ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் மருந்துக் கடைக்காரர், இரண்டு பேர் வங்கியில், மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. எங்களைச் சேர்த்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் டிவி கேம் ஆடியவர்கள். நாற்பதைத் தாண்டிய பிறகும் அதைப் பற்றிச் சண்டை போட வெட்கப்படாதவர்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரிய சண்டை வந்தது. அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டியைக் கம்பெனிக்காரர்களே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பல் டாக்டர் முதல் ஆளாக வாங்கி, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டை வைத்துப் படம் எடுத்துப் போட்டார். வர்க்கியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கேசட் போடும் வாய் வெறும் அலங்காரம். திறக்காது. முப்பது விளையாட்டு உள்ளேயே இருக்கிறதாம்.

அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிளந்தது. கேசட்டை எடுத்து வாயால் ஊதிப் போடாமல் அது என்ன விளையாட்டு என்றது ஒரு கட்சி. ஊதி ஊதித்தான் எல்லாக் கேசட்டும் துருப்பிடித்தது, அதுவும் நம் ஊர்ப் பனியில், என்றது மறு கட்சி. படம் ரொம்பத் துல்லியமாக இருக்கிறது, கண்ணுக்கு ஒட்டவில்லை என்றார் ஒருவர். உனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, போய்க் கண்ணாடி மாற்று என்றார் இன்னொருவர். அசலை இப்படிக் கெடுக்கலாமா என்று நான் பொங்கினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மருந்துக் கடைக்காரர் அடக்கமாக ஒரு கேள்வி கேட்டார்: நம்மில் யாரிடமாவது அசல் இருந்ததா? யாரிடமும் இல்லை. எங்கள் எல்லோரிடமும் இருந்தது கோயம்புத்தூர் உக்கடத்தில் வாங்கிய டூப்ளிகேட். இத்தனை நாள் நாங்கள் கட்டிக் காத்த அசலே போலிதான். அதைச் சொன்னதற்காக அவரோடு இரண்டு நாள் யாரும் பேசவில்லை.

எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டியது, புதுப் பெட்டியில் சேர்த்திருந்த சேவ் வசதி. எந்த இடத்திலும் நிறுத்தி, அதை அப்படியே பத்திரப்படுத்தி, ஒரு வருடம் கழித்து வந்துகூட அங்கிருந்தே தொடரலாம். இது ஏமாற்று வேலை என்று எழுதினேன். நம் காலத்தில் செத்தால் செத்ததுதான், கரண்ட் போனால் போனதுதான், அதில்தானே சுவை என்று எழுதினேன். எழுதிய வேகத்தில், எல்லோரிடமும் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கும் என் பழைய கதையையும் எடுத்து விட்டேன்.

கதை இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் என்னோடு படித்தவன் ஒருவன் எங்கள் வீட்டில் ஆடி ஆடிக் கடைசிக் கோட்டை வரை போய்விட்டான். எங்கள் வட்டாரத்தில் யாரும் பார்த்திராத இடம். முடிப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை அணைக்காமல், ஆட்டத்தை மட்டும் பாஸ் பட்டனை அழுத்தி அப்படியே நிறுத்திவிட்டு, காலையில் வந்து முடிக்கிறேன் என்று போனான். ராத்திரி கரண்ட் போச்சு. மறுநாளே குடும்பத்தோடு மலையிறங்கிப் போய்விட்டான். இந்த மலையிலேயே கடைசிக் கோட்டையைப் பார்த்த ஒரே ஆள், அதைப் பிடிக்காமலே போனான்.

இருபது பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். இரண்டு பேர் அழும் முகம் போட்டார்கள். நானும் திருப்தியாகப் போனைக் கீழே வைத்தேன்.

அந்தக் கதையில் ஒரு வரி பொய். ராத்திரி கரண்ட் போகவில்லை.

மலையில் கரண்ட் போச்சு என்பதைப் போல வசதியான பொய் வேறு கிடையாது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, சட்டை இஸ்திரி போடவில்லையா, விருந்தாளிக்குச் சொன்ன நேரத்தில் சோறு ஆகவில்லையா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில் போதும். காற்றடித்தால் எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பி மேல் விழும். எங்கள் தெருவில் போயிருக்கும், அடுத்த தெருவில் இருக்கும். அதனால் யாரும் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள். ஆசிரியர்கள்கூட விசாரித்ததில்லை.

என் அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பொருளும் குறையவில்லை. கதையில் வருபவனின் அப்பா கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்குக் கீழே ஒரு சின்னத் தேயிலை பேக்டரியில் இலை எடை போடுபவர். பேக்டரி கொடுத்த வீட்டில்தான் குடியிருந்தார்கள். முதலில் ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. கடைசியில் கேட்டைப் பூட்டியபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவனுக்கும் சேர்த்துத்தான். பொதுத்தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது.

வகுப்பில் கணக்கில் அவன்தான் முதல். எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, செய்தித்தாளில் வரும் கணக்குப் புதிரைக் கொடுத்துப் பார்ப்பார். அவன் போட்டு முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். டிவி கேமும் அப்படித்தான். பெட்டி என்னுடையது, மாமா கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தது. நான் ஐந்தாவது கோட்டையைத் தாண்டியதில்லை. அவன் வாரத்துக்கு ஒரு நாள் வந்து ஆடியே கடைசியான எட்டாவதில் நின்றான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவன் பாஸில் நிறுத்திவிட்டு எழுந்தபோது, வாசல்வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். “காத்தால வந்து இத முடிச்சர்றேன்டா. அப்பிடியே உங்கப்பாவயும் பாத்துப் பேசோணும்.”

“என்ன பேசோணும்?” என்றேன்.

“வந்து சொல்றேன்,” என்றான். அப்பாவிடம் என்ன கேட்கப் போகிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அப்பாவே அந்தப் பேச்சை எடுத்தார். “அந்தப் பையன் பரீட்ச எழுதாமயே போறானாமா?”

“ஆமாங்கப்பா.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “முன்னறை சும்மாதான கெடக்குது. நாலு மாசம் இங்கயே இருந்து எழுதிப்போட்டுப் போகட்டும்.”

“ஒரு தட்டு சேத்தி வெக்கறதுல என்ன ஆயிரப் போகுது,” என்றார் அம்மா. “நீங்களே சொல்லிப்போடுங்க.”

“நாமளாப் போயிச் சொன்னா அவங்கப்பாவுக்குச் சங்கடமாப் போயிரும். வேலை போன மனுசன். எம்பையன வெச்சுக் காப்பாத்த வக்கில்லைன்னு நெனச்சுட்டாங்கன்னு ஆயிரும். அவனா ஒரு வார்த்த கேக்கட்டும், செரீன்னு சொல்லிக்கலாம்.”

அப்படிச் சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார். நான் முன்னறைக்குப் போனேன். டிவி அணைந்திருந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இனி நான்கு மாதம் இந்த அறையில் அவன் இருப்பான், தினமும் அப்பா அவனுக்குப் புதிர் கொடுப்பார், தினமும் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். சுவரில் சுவிட்சை அணைத்தேன். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. அவன் அந்தக் கோட்டையை மட்டும் பிடிக்கக் கூடாது, அப்பாவிடம் கேட்பதைக் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன் என இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

நான் அணைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். தலை வாரி, பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை எதற்கு யூனிபார்ம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவனிடம் இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான் என்பது பின்னால்தான் உறைத்தது.

“ராத்திரி கரண்ட் போச்சுடா, சுவிட்ச அப்பவே அணச்சாச்சு,” என்றேன். அப்பா காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னேன்.

அவன் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். கன்ட்ரோலர்களை எடுத்து வயரைச் சுற்றி வைத்தான். சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, அதன் வயரையும் ஒழுங்காகச் சுற்றி வைத்தான். எங்கள் வீட்டில் அவன் எப்போதும் அப்படிச் செய்துவிட்டுத்தான் போவான்.

அப்பா குளித்துவிட்டு வந்தார். “சாப்டியாப்பா?”

“ஆச்சுங்க.”

அப்பா உள்ளே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரத் துண்டு தோளிலேயே இருந்தது. “என்னமோ பேசோணும்னு வந்தியா?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். “இல்லீங்க. ஊருக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க.”

“வேற ஒண்ணும் இல்லியா?”

“இல்லீங்க.”

அப்பா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அம்மா ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அவன் போனான். கேட்பான் என்று பார்த்தேன், கேட்கவில்லையே என்று அப்பா அப்புறம் இரண்டு மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் வேறு பேச்சு எடுத்தேன். அப்பா தவறி ஆறு வருடமாகிறது. அவரிடம் நான் சொல்லவே இல்லை.

குழுவில் என் கதைக்குக் கீழே, அதைப் போட்ட அன்று சாயங்காலமே ஒரு பதில் வந்திருந்தது. பேர் தெரியாத எண். முகப்பில் ஏதோ ஒரு முருகன் படம். எப்போது சேர்ந்தார், யார் சேர்த்தார் என்று நான் கவனித்ததில்லை. காலை வணக்கம் போடுகிற ஆள் என்ற அளவில்தான் தெரியும்.

“சேவ் வசதி இருக்கட்டுங்க. நல்லதுதான். அப்புறம், ராத்திரி கரண்ட் போயிருந்தா காத்தால அடாப்டர் சுடாதுங்க.”

வேறு ஒன்றும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு அது புரியவில்லை. அடாப்டர் பற்றிப் பேச்சு திரும்பி, புதுப் பெட்டிக்கு எந்தச் சார்ஜர் பொருந்தும் என்று போய்விட்டது. எனக்கு மட்டும் புரிந்தது. அந்தக் குளிரில் ராத்திரியே அணைந்த அடாப்டர் ஐஸ் மாதிரி இருந்திருக்க வேண்டும். அவன் கையில் சூடாக இருந்திருக்கிறது. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் தங்க இடம் கேட்க வந்தவனுக்கு, கேட்பதற்கு முன்பே பதில் கையில் கிடைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த எண்ணுக்குப் பேச எனக்குத் தைரியம் வந்தது. சொல்லுங்க என்றான். நான் யார் என்று சொன்னேன். தெரியுங்க, சொல்லுங்க என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டா போட்டுப் பேசியவன். அந்த ங்க-வை அவன் கடைசிவரை விடவே இல்லை. நான் டா போட்டதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“நான்தான்டா ஆப் பண்ணினேன்,” என்றேன். “வேணும்னுதான் பண்ணினேன். நீ முடிச்சிருவியேன்னு வயித்தெரிச்சல்.”

“செரி உடுங்க. சின்னப் பசங்க.”

திருப்பூரில் அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறானாம். பரீட்சை அப்புறம் எழுதவே இல்லை. ஒரு வருடம் கழித்து எழுதலாம் என்று நினைத்தானாம், ஆகவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி என்றான். அதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை அவனுக்கும் கூச்சமாக இருந்தது, எனக்கும் கூச்சமாக இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

வைக்கப் போகும்போது, “ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றான்.

“கேளுடா.”

“அன்னைக்கு உங்கப்பாகிட்ட ஒண்ணு கேக்கோணும்னுதான் வந்தேன். பரீட்ச முடியற மட்டும் உங்க ஊட்ல இருந்துக்கட்டுமான்னு. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாருங்க?”

அப்பா காப்பி டம்ளரோடு சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. அதை அவனிடம் சொல்லலாம். சொன்னால், கேட்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான் என்பதும், அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து யார் பிடுங்கினார்கள் என்பதும் அவனுக்கு முழுசாகத் தெரிந்துவிடும். அவனுக்கு வலிக்கும் என்பதற்காக நான் மறைத்தேன் என்று சொல்ல ஆசைதான். அது உண்மையில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

“ஒத்துக்கிட்டிருக்க மாட்டாருடா,” என்றேன். “ஊட்ல எடம் பத்தாதுன்னு சொல்லியிருப்பாரு.”



“அப்பிடீங்களா,” என்றான். பிறகு அந்தப் பேச்சு முழுவதிலும் இல்லாத ஒரு லேசான குரலில், “அப்பக் கேக்காததே நல்லதாப் போச்சுங்க,” என்றான்.

ஆமாம் என்றேன்.