தோளுக்கு மேல் போகாத கை

அடி அண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கொஞ்ச நாளாகவே வலது தோளில் வலி இருந்தது. ஒரு திங்கட்கிழமை போர்டில் எழுதக் கையைத் தூக்கினேன். தோளுக்கு மேல் போகவில்லை. அன்று போர்டின் கீழ்ப்பாதியிலேயே பாடம் நடத்தினேன். பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள்.

ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஸ்கூட்டி ஓட்டுவதால்தான் என்றார் ஒருவர். வாய்வு, பூண்டு சாப்பிடுங்க என்றார் இன்னொருவர். இத்தனை வருஷம் எழுதி எழுதித் தேய்ந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில்தான் பெரிய கஷ்டம். கை முதுகுப் பக்கம் திரும்பவே இல்லை, தலை பின்ன முடியவில்லை. என் வீட்டுக்காரர், "இப்படி உக்காரு" என்று சீப்பை எடுத்தார். அவர் போட்ட முதல் பின்னல் காதுக்குப் பக்கத்தில் தொடங்கி எங்கேயோ போய் முடிந்தது.

"இதோட ஸ்கூலுக்குப் போவியா?"

"போவேன். யார் கேட்டாலும் உங்களத்தான் சொல்லுவேன்."

டவுனில் எலும்பு டாக்டரிடம் போனோம். முதலில் என்னையே கையைத் தூக்கச் சொன்னார். பிறகு கையைத் தளர்த்தச் சொல்லி அவரே தூக்கினார். அதே இடத்தில் நின்றது.

"தசைநார் கிழிஞ்சிருந்தா, நான் தூக்கறப்ப கை பெரும்பாலும் மேல வந்துடும். இது மூட்டே இறுகிப்போச்சு. சுகர் இருக்குதாம்மா?"

"இல்ல சார்."

"டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

பண்ணியதில்லை. மறுநாள் ரத்தம் கொடுத்தேன். சுகர் ஜாஸ்தியாகத்தான் இருந்தது. சுகர் இருக்கிறவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது சகஜம் என்றார் டாக்டர். வலிக்குப் பயந்து ஆட்டாமல் வைத்தால் இன்னும் இறுகுமாம்.

வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. எனக்கு என்னவோ தெம்புதான் வந்தது. காரணம் தெரிந்துவிட்டதே.

மாத்திரையோடு பயிற்சியும் ஆரம்பித்தேன். சமையலறைச் சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். சில வாரம் கோடு ஏறவே இல்லை. ஒரு சாயங்காலம் வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னிக்கு விட்டுடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"விட மாட்டேன். நீங்க போய் டீ போடுங்க, சக்கரை இல்லாம."

மாதங்கள் போயின. ஒரு நாள் ஸ்கூட்டி பஞ்சராகி, பள்ளியிலிருந்து வேங்கிக்காலில் இருக்கிற வீட்டுக்கு பஸ்ஸில் நின்றபடி வந்தேன். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். விழாமல் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஸ்டாப்பில்தான் பார்த்தேன், பிடித்திருந்தது வலது கை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

இடது தோளும் ஒரு நாள் இப்படி ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகட்டும். என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும்.