அண்ணை எண்டுதான் கூப்பிட்டன்

எண்பதுகளின்ர கடைசி. நான் லண்டனுக்கு வந்து மூண்டு கிழமைதான். மனோர் பார்க்கில ஊர்க்கார அண்ணை ஒருத்தரோட ஒரு அறையில இருந்தன். அண்டைக்குப் பின்னேரம் என்ர அகதி வழக்குக்காக சோஹோப் பக்கம் ஒரு சொலிசிட்டரைப் பாக்கவேணும். இதைத் தவறவிட்டா வழக்கு கெட்டுது எண்டு அண்ணை ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர்.

நேரத்தோட வந்திட்டம். மழை வேற. சந்துக்குள்ள இருந்த சின்ன ஜப்பான்காரக் கடையில என்னை இருத்தி, ராமென் எண்டு நூடில்ஸ் போட்ட சூப் ஒண்டும் எடுத்துத் தந்திட்டு அண்ணை வெளிக்கிட்டார். "நீ குடிச்சுக்கொண்டிரு. மொழிபெயர்க்கிறவர் வந்திட்டாரோ எண்டு பாத்திட்டு வாறன்."

கடையில புருசன் அடுப்படியில, மனிசி மேசையடியில. வேற ஒரு சனமும் இல்லை. கோப்பைக்குள்ள வெள்ளையாக் கிடந்த சூப் என்ன இறைச்சியில காய்ச்சினதோ தெரியாது. சாப்பிடத் தந்த ரெண்டு தடியால நூடில்ஸைத் தூக்க அது வழுக்கிக்கொண்டு போகுது. மனிசி என்னையே பாத்துக்கொண்டு நிண்டா. பேந்து புருசனிட்டப் போய்க் குசுகுசுத்தா. அவர் என்னை ஒருக்காப் பாத்திட்டுப் போனை எடுத்தார்.

எங்கட ஊரில ஒருத்தன் உங்களைப் பாத்திட்டுப் போன் எடுத்தா, ஆமிக்குக் காட்டிக் குடுக்கிறான் எண்டு அர்த்தம். இப்ப யோசிச்சா அந்த மனிசன் மரக்கறிக்குச் சொல்லியிருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

அண்ணையைக் காணேல்லை. நேரம் நெருங்குது. எழும்பிச் சொலிசிட்டரின்ர கார்ட்டை மனிசியிட்ட நீட்டினன். தெரிஞ்ச இங்கிலிஷ் எல்லாம் பயத்தில பறந்திட்டுது. வாசலைக் காட்டிக்காட்டி "அண்ணை... அண்ணை..." எண்டதுதான் வாயில வந்தது.

அவவின்ர முகம் மலர்ந்தது. "அன்னாய்? அன்னாய்!" எண்டு தலையாட்டினா. என்ர கோப்பையை ஒரு தட்டால மூடினா, குடையை எடுத்தா, என்ர சட்டைக் கையைப் பிடிச்சு வெளியில இழுத்துக்கொண்டு போனா.

சந்தியில ஒரு பொலிஸ்காரன் நிண்டான். அவ நேரா அவனிட்டத்தான் கூட்டிக்கொண்டு போனா. சரி, காட்டிக் குடுத்திட்டா எண்டு நினைச்சன். உதறிப்போட்டு ஓடியிருக்கலாம், ஆனா கார்ட் இப்ப பொலிஸ்காரன்ர கையில. அவன் அதை வாசிச்சான். என்னை மேலும் கீழும் பாத்தான். பிறகு கையை நீட்டி எங்கேயோ காட்டினான். அவ்வளவுதான். மனிசி அவனுக்குக் குனிஞ்சு வணக்கம் வைச்சிட்டுத் திரும்ப என்ர சட்டைக் கையைப் பிடிச்சா.

ரெண்டு தெரு தாண்டி ஒரு கட்டடத்து வாசலில கொண்டுபோய் விட்டா. உள்ளுக்கு அண்ணை வேர்த்து விறுவிறுத்து நிக்கிறார். லிப்ட் இடையில நிண்டு, அப்பதானாம் ஆளை வெளியில எடுத்தவை. திரும்பி நன்றி சொல்லுவம் எண்டு பாக்க, குடையோட அவ போயிட்டா. திரும்பி நன்றி சொல்லுவம் எண்டு பாக்க, குடையோட அவ போயிட்டா.

வேலை முடிய ரெண்டு பேரும் அந்தக் கடைக்குப் போனம். என்ர கோப்பை மூடினபடியே இருந்தது. சுடவைச்சுத் தந்தா. என்ன இறைச்சி எண்டு கேக்காமல் அடிமட்டும் குடிச்சன்.

கனகாலத்துக்குப் பிறகு வேலையிடத்தில ஒரு ஜப்பான்காரர் சொல்லித்தான் தெரியும், அவையின்ர பாசையில 'அன்னாய்' எண்டா வழி காட்டிக் கூட்டிக்கொண்டு போறதாம். அங்க வழி தெரியாட்டி ஆரும் முதல்ல கேக்கிறது சந்தியில நிக்கிற பொலிஸைத்தானாம். அண்டைக்கு அண்ணை எண்டு நான் கூப்பிட்டது வேற ஆளை. அந்தச் சொல்லுக்கு எழும்பி வந்தது அவதான்.