இடப்பக்கம் திரும்பினால் ஒரு சத்தம்

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வழக்கறிஞருக்குக் கார் ஓட்டினேன். காலையில் அவரைப் புதுக்கடைக் கோர்ட்டில் இறக்கி, மாலையில் ஏற்றி வருவது வேலை. வேலையோடு கராஜுக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைத்தது. சாரதிக்கு வேலை போனால் வேலை மட்டுமா போகும்? பாயையும் சுருட்ட வேண்டும்.

மனைவியையும் கைக்குழந்தையையும் அந்த அறைக்குக் கூட்டி வரத்தான் ஊருக்குப் போனேன். நான் இல்லாத நாட்களில் கூலிக்கு ஒருவன் ஓட்டினான். திரும்பி வந்து முதல் நாள் காலிக்குப் போகும் பெருந்தெருவிலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கைச் சந்துக்குள் இடப்பக்கம் திருப்பினேன். டிக், டிக், டிக். நேராக்கினால் நின்றுவிட்டது.

பின் சீட்டிலிருந்து ஐயா கேட்டார்.

"என்ன அது? எதில கொண்டுபோய் இடிச்சனீர்?"

"இடிக்கேல்லை ஐயா. பாக்கிறன்."

"பாரும். வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கவேணும். இல்லாட்டி வேற ஆளைப் பாப்பம்."

அன்று பின்னேரமே முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கினேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டமில்லை. நட்டுகளை இறுக்கினேன், கிறீஸ் அடித்தேன். கையால் சுற்றினால் சத்தமே இல்லை. றோட்டில் இறக்கித் திருப்பினால் மறுபடியும் டிக், டிக். மனைவி அறை வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள். "வந்த மூட்டையை இன்னும் அவிழ்க்கேல்லை. அவிழ்க்கவோ, அப்பிடியே விடவோ?" என்றாள். பகிடி மாதிரித்தான் கேட்டாள்.

அடுத்த நாள் ஐயாவைக் கோர்ட்டில் விட்டதும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா வாயும் கையும் ஒன்றாக ஓடுகிற மனிதர். ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, மட்கார்டுப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"வேகம் கூடினா சத்தமும் கூடுது. அப்ப சுத்துற சாமான்லதான் ஈக்கி. நீங்க எப்படிப் பாத்த?"

"ஜாக்கில தூக்கிச் சுத்திப் பாத்தனான்."

"ஸ்டியரிங் நேரா வெச்சா?"

"ஓம்."

நானா சிரித்தார். "கள்ளன நேரா நிக்க வெச்சுக் கேட்டா அவன் என்னத்தச் செல்லுவான் தம்பி? திருப்பிவிட்டுக் கேக்கணும்."

ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சுற்றினார். டிக். சுற்றுக்கு ஒன்று. கீழே நுழைந்து சாமானைக் கண்டுபிடித்தார். இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்புகிற தடியில், சேறும் கிறீஸும் அப்பி, கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புக் குழாய் தொங்கியது. சக்கரம் இடப்பக்கம் திரும்பிச் சுழலும்போது அதன் உள்பக்க ஆணி ஒன்று இந்தக் குழாயைத் தட்டிவிட்டுப் போகிறது.

துடைத்துப் பார்த்தோம். இரண்டு முனையும் மெழுகால் அடைத்த தாயத்து.

"ஒங்கட ஆக்களிண்டதுதான். நான் தொட மாட்டேன், நீங்களே அவிழுங்க," என்றார் நானா.

யார் கட்டுவித்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஐயாவின் மனைவி, எங்களுக்கு அம்மா, போன வருஷம் தன் அக்காவை ஒரு வளைவில், கார் புரண்டு, பறிகொடுத்தவர். ஐயாவோ தாயத்து, மந்திரம் என்றால் மேடையேறிக் கிழிக்கிறவர். குழாயை அவிழ்த்துக் கொண்டுபோய், குசினிப் பக்கம் நின்று அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முகம் வெளுத்தது.

"ஜிந்துப்பிட்டிக் கோயிலடியில ஒருத்தர் தந்தவர். வண்டி திரும்பிற இடத்திலதான் ஆபத்து, அங்க கட்டு எண்டவர். நீர் இல்லாதப்போ ஓட்டின அந்தப் பொடியன் திரும்பிற தடியிலயே கட்டிப்போட்டான்." பிறகு குரல் தணிந்தது. "தம்பி, அவருக்குச் சொல்லிப்போடாதையும். ஊரைக் கூட்டிச் சிரிப்பார். அக்காவையும் சேர்த்துச் சிரிப்பார். உம்மை வேலையால நிப்பாட்ட நான் விடமாட்டன்."

நம்பினேன். தாயத்தை வேறொரு தடியில், எதிலும் முட்டாத இடத்தில், பழைய ரியூப் றப்பரைச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். அம்மாவின் கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை ஐயா தானே ஒழுங்கையில் இரண்டு தரம் திருப்பச் சொன்னார். சத்தமில்லை.

"என்ன பிழை?"

"பேரிங்கில கிறீஸ் காய்ஞ்சு போச்சு ஐயா."

"கிறீஸ் போடுறது ஆரின்ர வேலை?"

கதவு நிலையில் அம்மா நின்றார். அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"தன்ர வேலையை ஒழுங்காச் செய்யாத ஆளின்ர கையில நான் உயிரைக் குடுக்கேலாது. நாளைக்கு அறையை விடும்," என்று ஐயா உள்ளே போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்க்கு அது சரியான தீர்ப்புத்தான்.

அம்மா உள்ளே போகவில்லை. அவர் வாய் திறக்கும் என்று நானும் நின்றேன். திறந்தார்.

"பிள்ளைக்காரி வெறும் வயித்தோட போகக்கூடாது. நாளைக்குச் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

மறுநாள் சமையல்காரியை விலக்கிவிட்டுத் தானே பரிமாறினார். சோறு, மீன் குழம்பு, பொரியல், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. இன்னும் போடவா, இன்னும் போடவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. "இப்பிடி ஒரு நல்ல மனுசியை விட்டுப் போறம்," என்று கண்ணைத் துடைத்தாள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.