புளியில் ஊறிய ரவைக்கோதுகள்

ஹம்பேர்க்கில் எங்கள் குறிசுடும் கழகத்தில் எல்லோரும் சுட்டு வெறுமையான பித்தளை ரவைக்கோதுகளை மெஷினில் போட்டுத் துலக்குவார்கள். நான் வீட்டில் புளிக்கரைசலில் ஊறப்போடுவேன். பிறகு வெடிமருந்தைக் குறைத்து, தட்டைமுனை ஈயக்குண்டு வைத்து நிரப்பினால், அடுத்த போட்டியில் என் ரிவோல்வர் குறிக் கடதாசியில் துப்புரவாக வட்டம் வெட்டும்.

நேற்றுக் கோதுகளைத் தேய்த்தபோது, புளியும் வெடிமருந்தும் கலந்த மணம் என்னை யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்தியது. சின்ன வயதில் ஒருநாள், வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் பொறுக்கிய கோதொன்றை ஊதி விசிலடித்தபடி வந்தேன். அம்மா அதைப் பறித்துக் கிணற்றுக்குள் எறிந்தார். குத்துவிளக்கு மினுக்க வைத்திருந்த புளியால் என் உள்ளங்கையை எரிய எரியத் தேய்த்தார்.

"ஆமிக்காரன் வந்தா கையைத்தான் மணந்து பாப்பான், பிள்ளை. மருந்து மணந்தாப் பிடிச்சுக்கொண்டு போயிடுவான்."

அன்று அந்த மணத்துக்கு நடுங்கினேன். இப்போது அதைத் தேடிச் சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போகிறேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

இப்போது என்னோடு இருக்கும் அம்மா குசினிக்குள் வந்து, கோதுகள் ஊறிய சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன?"

"விளையாட்டுக்கு அம்மா. இஞ்ச இதுக்கு லைசென்ஸ் இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோதையும் குத்துவிளக்குப்போல் மினுக்கினார். முடிந்ததும் இரண்டு கைகளையும் என் மூக்கருகே நீட்டினார்.

"மணக்குதோ எண்டு பார்."