நான்காம் நிபந்தனையும் ஒரு ஜட்காக் குதிரையும்

விபத்து நேர்ந்தால், காப்பீடு செய்தவரோ அவர் சார்பில் வேறு எவருமோ, நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தவறு தம்முடையது என்று ஒப்புக்கொள்ளவோ, வாக்குக் கொடுக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது. என் மோட்டார் கார் பத்திரத்தின் நான்காம் நிபந்தனை இது. அறிவிப்புக் கிடைத்ததும் நியாயமான காலத்துக்குள் நிறுவனம் தன் முடிவைத் தெரிவிக்கும் என்பது அதே நிபந்தனையின் கடைசி வாக்கியம். முன்பாதி என் பொறுப்பு. அதை நான் காப்பாற்றினேன். பின்பாதி அவர்களுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் தென்காசி முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தார், அதாவது தலைமை எழுத்தர். பிறந்த வீடு செங்கோட்டையில் இருந்தது. நடந்தே போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம். தென்காசி பிரிட்டிஷ் இந்தியா. இடையில் ஓர் எல்லைக்கல், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சுங்கச் சவுக்கை. எனவே சட்டப்படி நான் அந்நிய நாட்டில் குடியிருந்து உத்தியோகம் பார்த்தவன். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் கப்பலேறிப் பெற்ற தகுதியை நான் மாட்டு வண்டியில் ஏறிப் பெற்றேன்.

காரை விற்றவரும் அந்நியர்தான். மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு, குற்றாலத்தில் பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர். ஊருக்குக் கப்பல் ஏறும் முன் மேஜை, நாற்காலி, குளிக்கும் தொட்டி, கார் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார். நான் மேஜைக்காகத்தான் போயிருந்தேன். மேஜை வேறொருவருக்குப் போயிற்று.

அந்தக் காலத்தில் காருக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை. கட்டாயம் ஆகப்போகிறவற்றை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வது என் வழக்கம். திருநெல்வேலியிலிருந்து ஏஜெண்டு ஒருவர் விண்ணப்பத்தோடு வந்தார். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"செங்கோட்டையா? அப்ப நீங்க பாரின் ஆளுல்லா, சார்."

"ஆமா."

"பாத்தா அப்படித் தெரியலையே."

"பேசிப் பாத்தாத் தெரியும்," என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.

அந்நியப் பிரஜை விண்ணப்பித்தால் பிரிட்டிஷ் பிரஜைகள் இருவர் நற்சான்று தர வேண்டும் என்றார் அவர். ஒருவர் என் வீட்டுச் சொந்தக்காரர். மற்றவர் எங்கள் கோர்ட்டு டவாலிச் சேவகர், ஆலங்குளத்துக்காரர். தாம் பிறப்பிலேயே சக்கரவர்த்தியின் பிரஜை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு கொஞ்ச காலம் என்னிடம் சற்று நிமிர்ந்தே பேசினார்.

பத்திரம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். என் வீடு வரை காரை ஓட்டிச் செல்ல, திருவிதாங்கூரையும் சேர்த்துத் தனியாக ஓர் இணைப்புப் பத்திரம் பெற வேண்டும். அதற்குத் தனிப் பிரீமியம். அனுப்பினேன். ரசீது வந்தது, இணைப்பு வரவில்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டவன் பொறுப்பையும் பெற்றுக்கொண்டான் என்பது என் சட்ட ஞானம். அந்த ஞானத்தின் பேரில் ஆனி மாதத்தில் ஒரு நாள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செங்கோட்டைக்குப் புறப்பட்டேன்.

சாரல் தொடங்கியிருந்தது. சாலை நனைந்து கிடந்தது. எல்லைக்கல்லைத் தாண்டி, சவுக்கை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், எதிரே ஒரு ஜட்கா வந்தது. குற்றாலத்துக்கு வந்த யாரையோ செங்கோட்டையில் இறக்கிவிட்டுத் தென்காசிக்கு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். நான் ஹாரன் அடித்தேன், வேகத்தைக் குறைத்தேன், வலப்பக்கம் ஒதுங்கினேன்.

காரின் மட்கார்டு ஜட்காவின் சக்கரத்தில் மாட்டி ஆரக்கால்களை ஒடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டிக்காரர் சறுக்கிக்கொண்டு புல்லில் வந்து உட்கார்ந்தார். குதிரை அசையவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் என்ன நடந்தது என்று ஒருமுறை பார்த்தது. பிறகு எட்டிய புல்லைக் கடிக்கத் தொடங்கியது.

சவுக்கையிலிருந்து காவலர் குடையோடு வந்தார். மோதியதை அவர் பார்க்கவில்லை. காருக்குள் தலையை நீட்டி, "புகையில உண்டோ?" என்றார்.

"இங்கன சக்கரம் ஒடிஞ்சு கெடக்கு, பொகையிலயா கேக்கீரு?" என்றார் வண்டிக்காரர் புல்லில் உட்கார்ந்தபடியே. அதன் பேரில் அவருடைய வைக்கோல் சாக்கையும் காவலர் கையை விட்டுத் துழாவினார்.

வண்டிக்காரர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு என்னிடம் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"அண்ணாச்சி, நீங்கதான வலத்த ஒடிச்சீங்க?"

"இதப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்லுததுக்கில்ல," என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். சில நேரங்களில் அவள் பார்ப்பது பேசுவதைவிடச் சத்தமாக இருக்கும்.

சக்கரத்தை ஆசாரி ஒருவர் சீக்கிரமே சரிசெய்து கொடுத்துவிட்டார். அதன் பிறகு ஒரு நாள் காலை வண்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூலியைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நிபந்தனையை எடுத்துச் சொல்ல ஆயத்தமானேன்.

"சக்கரத்துக்குக் காசு கேக்க வரல. நீங்க ஸ்டாண்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும். தப்பு என்னோடது, குதிரை மிரளலன்னு. அவ்வளவுதான்."

ரயில் நிலையத்து ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வரும் குடும்பத்துப் பெண்கள் வண்டியில் ஏறும் முன் குதிரை மிரளுமா என்று கேட்பார்கள். மிரளும் என்று பெயர் எடுத்த குதிரையை வண்டிக்காரர்களே வரிசையின் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் ஸ்டாண்டுக்கே கெட்ட பெயர். கார் மோதிய செய்தி ஊருக்குள் வந்து சேர்ந்தபோது, காரைக் கண்டு குதிரை மிரண்டு குறுக்கே பாய்ந்தது என்று மாறியிருந்தது. சிரஸ்தார் தப்பாக ஓட்டியிருப்பார் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பதவிக்கு இருந்த மரியாதை அப்படி.

"சாரல் இருக்கும்போது ஓடுனாத்தான் மத்த மாசத்துக்கு இதுக்குக் கொள்ளு. கடைசில நின்னா ஒரு நாளைக்கு ஒரு சவாரி கெடைக்காது. பெறவு விக்கத்தான் வேணும்."

நான்காம் நிபந்தனையைத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் கம்பெனிக்காரன் எங்கன இருக்கான்?"

"மெட்ராஸ்ல."

"அவன் குதிரையப் பாத்தானா?"

"இல்ல."

"நீங்க பாத்தீங்கள்லா?"

எழுதிக் கேட்கிறேன் என்றேன். அன்றே எழுதினேன். விபத்தின் விவரம், ஒப்புக்கொள்ள அனுமதி, நிலுவையில் இருக்கும் இணைப்பு என்று மூன்று பத்திகள். சென்னையிலிருந்து கடிதம் கிடைத்தது என்று ஒரு கார்டு வந்தது. விஷயம் பம்பாயிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறதாம். கார்டைப் பதிலாகக் கருத முடியாது. நினைவூட்டல் எழுதி, சீக்கிரம் போகட்டும் என்று ரயிலிலேயே தபாலில் சேர்க்க நானே ஸ்டேஷனுக்குப் போனேன்.

அப்போதுதான் ஒரு ரயில் வந்து நின்றது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த ஒருவரின் வீட்டார் வெளியூர்ச் சொந்தக்காரர்களை அழைத்துப்போக வந்திருந்தார்கள். மூட்டையும் குடமுமாகப் பெரிய கூட்டம். வரிசையில் இருந்த வண்டிகள் எல்லாம் நிறைந்து, கடைசி வண்டிதான் மிச்சம்.

"இதுல ஏறலாமா? மிரளுமா?" என்று கேட்டாள் ஓர் அம்மாள்.

"மிரளாது ஆச்சி. நிக்கச் சொன்னா நிக்கும்," என்றார் நம் வண்டிக்காரர்.

"நிக்கும் நிக்கும்," என்றார் அடுத்த வண்டிக்காரர். "கார் சத்தம் கேட்டா மட்டும் பொதிகை மலை உச்சில போய் நிக்கும்."

"சும்மா இரும்வே."

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? அன்னைக்குச் சிரஸ்தாரு காருக்குள்ளயே ஏறப் பாத்துதாமே."

அந்த அம்மாள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற வண்டிகள் குற்றாலம் போய்த் திரும்பி வரும்வரை காத்திருக்கிறோம் என்றாள். வண்டிக்காரர் தலையை நிமிர்த்தினார். கொஞ்ச தூரத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். நான் கடிதத்தை ரயில் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"நான் போய்ச் சொல்லுதேன்," என்றாள் மனைவி. "பத்திரத்துல எம் பேரா இருக்கு?"

"சார்பில் வேறு எவருமோன்னு இருக்கு. அதுல நீயும் சேத்திதான்."

"அப்ப நான் வாயத் தெறக்கக் கூடாது?"

"கூடாது."

"சரி. தெறக்கல. வண்டியில ஏறக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

பத்திரத்தை முழுக்கப் படித்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் ஸ்டேஷன் வரை நடந்து போனாள். நின்ற வண்டிகளை எல்லாம் தாண்டி, கடைசி வண்டியில் ஏறி, குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் தன் தங்கையையும் அவள் குழந்தைகளையும் அழைத்துப்போனாள். பெரிய அருவிக்குப் போகும் சாலையில், கடைகள் நிறைந்த இடத்தில், வண்டியை மெதுவாக விடச் சொன்னாளாம். பேசக் கூடாது என்றதால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பிறகு நானும் அந்த வண்டியிலேயே கோர்ட்டுக்குப் போகத் தொடங்கினேன். கார் ஷெட்டில் நின்றது. இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. நடத்தையின் மூலமாகவும் ஒருவன் ஒன்றை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள சாட்சியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காரை வைத்துக்கொண்டு, மோதிய வண்டியிலேயே தினமும் பயணம் செய்வது அத்தகைய நடத்தையா என்று எங்கள் வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். "கேஸ் வந்தாச் சொல்லுதேன்," என்றார்.

ஊரில் பேசிக்கொண்டார்கள். டவாலிதான் வந்து சொன்னார். "சிரஸ்தார் ஐயாவுக்கு ஓட்டத் தெரியலன்னு வீட்டம்மா காரப் பூட்டிச் சாவிய வாங்கிட்டாங்கன்னு சொல்லுதாங்க."

"வேற என்ன சொல்லுதாங்க?"

"குதிரை நல்ல குதிரைதான் போலன்னும் சொல்லுதாங்க."

முதல் வதந்தி ஊர் முழுக்கப் பரவியது. இரண்டாவது மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆடி பாதியில் அவர் வண்டி கடைசியிலிருந்து நடுவரிசைக்கு வந்திருந்தது. கோர்ட்டுக்கு வழக்காட வருபவர்களில் சிலர், என்னிடம் காரியம் ஆகும் என்ற நினைப்பில், அந்த வண்டியையே தேடி ஏறினார்கள். ஆனால் அந்த வருஷம் சாரல் சீக்கிரம் நின்றுவிட்டது. அருவியில் தண்ணீர் குறைந்ததும் ஸ்டேஷனில் கூட்டமும் குறைந்தது. அவருக்குக் கிடைத்தது அரை சீசன், அதுவும் பிந்திய பாதி. ஆவணியிலும் ஒரு நினைவூட்டல் எழுதினேன். புரட்டாசியில் ஒரு நாள் காலை வண்டி வரவில்லை. நடந்தே கோர்ட்டுக்குப் போனேன்.

கடைசியில் பம்பாயிலிருந்து பதில் வந்தது. திருவிதாங்கூருக்கான இணைப்பு இதுவரை அனுமதிக்கப்படவில்லை. ரசீது பணத்துக்கு மட்டுமே, பொறுப்புக்கு அல்ல. கூடுதல் பிரீமியம் திருப்பி அனுப்பப்படுகிறது. விபத்து நடந்த இடம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே இருப்பதால் இந்தச் சம்பவத்தைப் பத்திரம் கட்டுப்படுத்தாது. ஆகவே அதன் நிபந்தனைகள் எதுவும், நான்காவது உட்பட, இது விஷயத்தில் எனக்குப் பொருந்தா. முதல் நாளிலிருந்தே பொருந்தியிருக்கவில்லை.

எழுத்தில் பிழை ஒன்றும் இல்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அன்று மாலை ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டாண்டில் இரண்டு வண்டிகள் நின்றன. நம் வண்டிக்காரர் அவற்றில் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வண்டி இல்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றேன், மற்ற இருவருக்கும் கேட்கும்படி. "நான்தான் வலத்த ஒடிச்சேன். குதிரை மிரளல. நின்ன எடத்துல நின்னுது."

அவர் பீடியை அணைத்தார். அன்று கேலி பேசிய வண்டிக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

"அத கீழப்பாவூர்ல போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி. போன மாசம் அங்கன ஒருத்தருக்கு வித்துட்டேன். மிரளுத குதிரை வெலைதான் குடுத்தாரு. இன்னமும் ரோட்டுக்குக் கொண்டாராம தோப்புலயே கட்டிப் போட்டிருக்காராம்."

"போறேன்," என்றேன்.

"கார்லயா?"

"நடந்து போனாலும் போறேன்."

பிறகு, "கம்பெனிக்காரன் காயிதம் என்னைக்கு வந்துச்சு?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான்," என்றேன். ஐப்பசி மூன்றாம் தேதி.