திருட்டு முழிக் குடம்

மாமாவை நான் சந்தேகிக்க ஆரம்பித்தது, எங்கள் குடத்துக்கு அவர் கண் வரைந்த அன்றுதான். அம்மாவின் தம்பி, பனியன் கம்பெனிகளுக்குப் போர்டு எழுதுகிறவர்.

மூன்று வருடமாக மழை இல்லை. நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் லைன் வீடுகளுக்கு வாரம் இரண்டு நாள், சாயங்காலம் தண்ணீர் லாரி வரும். பெரியவர்கள் ஷிப்டில் இருப்பதால், காலையிலிருந்தே அவர்களுக்குப் பதிலாக வரிசையில் குடங்கள் நிற்கும். லாரி வந்ததும் பிள்ளைகள் பிடித்து வைப்போம். எல்லாம் ஒரே மாதிரிப் பச்சை பிளாஸ்டிக். கடைசியில் வைத்த எங்கள் குடத்துக்கு மட்டும் கால் முளைத்து, நாலு குடம் முன்னால் போய் நிற்கும். கால்கள் என்னுடையவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒவ்வொரு குடத்திலும் அந்தந்த வீட்டாரின் முகத்தை வரைந்தார். எல்லாம் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தன.

“ஏன்டா, குடத்துக்கு எதுக்குடா மூஞ்சி?” என்றாள் அம்மா.

“நிக்கறது ஆளுங்கக்கா. ஆளுக்கு மூஞ்சி வேண்டாமுங்களா?”

எங்கள் குடத்தில் என் முகம். கண்கள் மட்டும் ஓரமாகத் திரும்பிப் பின்னால் பார்த்தன.

“டேய், திருட்டு முழி!” என்று பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள்.

மாமா கண்டுபிடித்துவிட்டார்! அதற்கப்புறம் அவர் டீ குடித்தாலும் இருமினாலும் எனக்கு எதிராகச் சாட்சி சேர்ப்பதாகவே பட்டது. அடுத்த லாரி நாளில், பெயிண்டைக் கரைக்கும் அவருடைய தின்னரையே எடுத்துக் கண்களைத் துடைத்தேன். கண்ணில்லாத முகத்தை எவன் அடையாளம் சொல்வான்? குடம் வழக்கம்போல முன்னால் நடந்தது.

இப்போது கடைசியில் நின்றது, தன் ஊரில் மழையில்லாமல் கைக்குழந்தையோடு தெற்கேயிருந்து பிழைக்க வந்த அக்காவின் குடம். எங்கள் குடம் தளும்பியது. அவளுடையதற்கு வந்தபோது லாரிக் குழாய் இரண்டு தரம் செருமிவிட்டு நின்றது.

“இன்னைக்கும் இம்புட்டுத்தானா?” என்று அடியில் கிடந்த தண்ணீரை ஆட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வேலை முடிந்து வந்த மாமா, அந்த அக்கா வாசலில் இருந்த குடத்தையும் கண்ணில்லாத எங்கள் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடிக்குத் தயாராகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை.

“இப்பத்தான், கண்ணு, உன்ற மொகம் அப்படியே வந்திருக்குது” என்றார்.

மாமா வரைந்ததையே நான் திருத்திவிட்டேன் என்று ஒரு வாரம் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். டிராயிங் வாத்தியாரிடம்கூடச் சொன்னேன்.