சிவக்காத பால்மரங்கள்

அந்த ஆண்டு எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரங்கள் சிவக்கவில்லை. என் கண்ணில் விழுந்த நோயின் முதல் அடையாளம் அதுதான். அதை மரத்தின் நோய் என்று நினைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தை ஓட்டினேன்.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் எடுத்தவன். ஆனாலும் தோட்டத்தில் என் பெயர் டிராயிங் வாத்தியார். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இந்தக் கதையே அந்தத் தலைக்கனத்தால் வந்ததுதான்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு செப்டம்பரில் இருமல் தொடங்கியது. சாக்பீஸ் தூசி என்று இருந்துவிட்டேன். கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த என் மனைவி ரோசலின் அன்றே என்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினாள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு வெண்ணிழல். டாக்டர் அதன் விபரீதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நானோ, கரியில் இப்படி ஒரு மேகம் போட முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் வார்டில் இருந்தேன். தினமும் ஓர் ஊசி. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலைகள் தெரியும். மருந்து உறைகளின் பின்பக்கத்தில் அவற்றை வரைந்தே பொழுது போனது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றானதும் மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று எத்தாம்பியூட்டால் (காசநோய்க் கிருமி பெருகாமல் தடுப்பது). அதைக் கையில் கொடுத்த தாதியை அங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கண் மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ உடனே வந்து சொல்ல வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

"கலர் மாறினா ஊருக்கெல்லாம் முன்னாடி எனக்குத்தான் தெரியும் மிஸ்ஸி. நான் டிராயிங் வாத்தியார்லா," என்றேன். அவரும் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சை மறந்தே போனேன்.

ஜனவரியில் பள்ளிக்குத் திரும்பினேன். பிப்ரவரி வந்தால் பால்மரங்கள் இலை கொட்டும். கொட்டுவதற்கு முன் சில நாட்கள் காடு முழுக்கச் செம்பு நிறமாகி, பிறகு பற்றி எரிவதுபோல் சிவக்கும். நான் ஓவியனானதே அந்த நாட்களால்தான். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், மரத்தடியில் உட்கார வைத்து வரையச் சொல்வேன். எனக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கண்ணில் பட்டதைத்தான் போட வேண்டும், மனதில் இருப்பதைப் போடக்கூடாது.

அந்த வருடமும் போனோம். இலைகள் காலடியில் சரசரத்தன. அண்ணாந்து பார்த்தால் மரம் முழுக்கப் பாசி படிந்த மண் நிறம். சிவப்பு எங்கேயும் இல்லை. நாள் தப்பி வந்துவிட்டோமோ என்று குழம்பினேன். அப்போது சரோஜா என்ற பிள்ளையின் பிரஷ், சிவப்பு என்று எழுதியிருந்த பாட்டிலுக்குள் போவதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க சிவப்பப் பார்த்த? போன வருசத்துப் படத்தையா போடுற?"

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இல்ல சார்," என்று சொல்லிவிட்டு பிரஷ்ஷைக் கழுவினாள். மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பிரஷ்ஷைக் கழுவினார்கள். அன்று வகுப்பில் இருந்த அத்தனை பேரும் பச்சையும் மண்ணுமாக ஒரே மாதிரி மரம் வரைந்து கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள் என்று பாராட்டி, பத்திரமாக அலமாரியில் வைத்தேன்.

திரும்பும் வழியில் மண்டோரைப் பார்த்தேன். பால் வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் அவர், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். மரத்துக்கு ஏதாவது சீக்கா என்று அவரிடம் கேட்டேன். அவர் அண்ணாந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"நீங்க சொன்னா சரிதான் சார். இந்த வருசம் கொஞ்சம் கம்மிதான்லா."

வாத்தியார் சொன்ன பிறகு தோட்டத்தில் எதிர்த்துப் பேச ஆள் ஏது? எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. மழை அதிகமோ, உரம் போட்டது சரியில்லையோ என்று ஏதேதோ நினைத்தேன். பாட்டிலில் இருந்த சாயமும் வெளுத்துத் தெரிந்ததால், பழசாகிவிட்டது என்று தலைமையாசிரியரிடம் புதுப்பெட்டி கேட்டேன். புதுப்பெட்டியும் அப்படியே இருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன்.

இதற்குள் புத்தகத்தில் எழுத்தின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியிருந்தது. அது உடம்பின் பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது வேறொரு சந்தேகம். முந்தைய வருடங்களில் மரம் உண்மையிலேயே சிவந்ததா, அல்லது நான்தான் ஆசையில் சிவப்பாகப் பார்த்தேனா? இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை வருடமாகப் பொய்யையா சொல்லிக்கொடுத்தேன்? பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு வந்தது. கையில் ஓலையோடு கோயிலில் நின்றிருந்தோம். பங்குச் சாமியார் பவனியில் நடந்து வந்தார். நான் ரோசலின் பக்கம் குனிந்து, சாமியார் ஏன் இன்றைக்கு மண் நிற உடுப்பு போட்டிருக்கிறார் என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்னிடம் படித்தவள் அல்ல. என் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

"சிவப்பு உடுப்புங்க. நல்ல சிவப்பு. உங்க கண்ணுக்கு என்னமோ ஆயிருச்சு."

பூசை முடியும்வரை என் காதில் எதுவும் விழவில்லை. மரங்களுக்கு ஒன்றுமில்லை என்பது ஒரு நிம்மதி. அப்படியானால் எனக்குத்தான் எல்லாம் போய்விட்டது என்பது பெருந்திகில். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் அழுவதா மூச்சு விடுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரோசலின் மிளகாய்க் கூடையை முன்னால் வைத்துப் பழத்தையும் காயையும் பிரிக்கச் சொன்னாள். நான் பிரித்ததைப் பார்த்துவிட்டு, அவள் எல்லாவற்றையும் மறுபடி கூடையில் போட்டாள்.

மறுநாள் ஈப்போ. டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர். நிறப்புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்து, அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன, எண் எதுவும் தெரியவில்லை. பின்னாலிருந்து ரோசலின் மெதுவாக "எட்டு" என்றாள். அடுத்த பக்கத்துக்கு "அஞ்சு" என்றாள். அவள் பள்ளிக்கூடம் போனதே மூன்று வருடம்தான்.

பார்வை நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பாதிக்கப்படுவது) என்றார் டாக்டர். அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யுமாம். முதலில் போவது சிவப்பும் பச்சையும்தானாம்.

"ஏன் மாஸ்டர் முந்தியே வந்து சொல்லேல்லை? உங்களுக்குச் சொல்லித்தானே விட்டவை?"

என்ன பதில் சொல்வது? மரத்தைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை என்றா? நிறம் திரும்பி வருமா என்று மட்டும் கேட்டேன்.

"இந்தக் குளிசையை நிப்பாட்டி வேற தாறன். கன பேருக்குத் திரும்பி வரும். எப்ப, எவ்வளவு எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

பிறகு காத்திருப்புதான். தினமும் காலையில் ரோசலின் ஒரு காய்ந்த மிளகாயை ஜன்னலில் வைப்பாள். நான் பார்ப்பேன். ஒருநாள் சிவப்பாகத் தெரிந்ததுபோல் இருக்கும். அது மிளகாய் என்று தெரிந்ததால் சிவப்பாகத் தோன்றுகிறதா, உண்மையிலேயே தெரிகிறதா என்று புரியாது. மே மாதத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் எனக்கு வித்தியாசம் நினைவில்லை. இருமல் நின்றுவிட்டது, எடை ஏறியது, பார்க்கிறவர்கள் எல்லாம் நான் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். ஓவியப் பாடத்தில் மட்டும் பென்சிலுக்கு மேல் போகவில்லை.

ஆகஸ்டில் ஒரு பகல், வரைதாள் எடுக்க அலமாரியைத் திறந்தேன். பிப்ரவரியில் வரைந்த படங்கள் கட்டாக இருந்தன. மேலே சரோஜாவின் படம். பச்சையும் மண்ணுமான அந்த மரத்தின் ஓரத்தில், பிரஷ் சரியாக மூடாமல் விட்ட இடத்தில், நகம் அளவுக்கு ஒரு கீற்று தெரிந்தது. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சிவப்பு. அடுத்த படத்தைப் பார்த்தேன். கிளைக்கு அடியில் சிவப்பு. அதற்கடுத்ததிலும் அப்படியே. பிள்ளைகள் கண்ணில் பட்டதை முதலில் போட்டுவிட்டுத்தான், என் சொல்லுக்காக அதன்மேல் மண்ணைப் பூசியிருக்கிறார்கள்.

என் சிவப்பு திரும்பி வந்துவிட்டது என்பதை எனக்குக் காட்டியது அந்தப் படங்கள்தான். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில், நீங்கள் பார்த்ததுதான் சரி, சார் கண்ணுக்குத்தான் சீக்கு என்றேன். "ஆமா சார்," என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அதற்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஏதாவது மாறித் தெரிந்தால் போய்ச் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்குத் தலையாட்டாத ஒருவரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.

எந்த நாளில் சிவப்பு போனது, எந்த நாளில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்தது பழைய சிவப்புதானா என்பதும் தெரியாது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கண் என்னிடம் இல்லை. அடுத்த பிப்ரவரியிலிருந்து காட்டில் நான் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் நின்றேன், என் முகம் அவர்களுக்குத் தெரியாதபடி. இப்போது அந்தத் தோட்டத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். மீதி இருக்கும் பால்மரங்கள் இலை கொட்டும்போது ரோசலினைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எவ்வளவு சிவப்பு என்று அவளிடம் கேட்பேன். அவள் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துச் சொல்வாள்.